தவளைகள் தந்த வாக்குமூலம்

"என் தோட்டத்துல தவளை கத்துது சார். யார் காரணம்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

துப்பறிகிறவர்களைத் தேடி வருகிறவர்கள் வழக்கமாக எதையாவது தொலைத்துவிட்டு வருவார்கள். நகையை, நாயை, சில சமயம் புருஷனை. எதுவும் தொலையாமல், கூடுதலாக ஒன்று கிடைத்துவிட்டது என்று புகார் சொன்ன முதல் ஆள் இந்தக் கொய்யாத் தோட்டத்து முதலாளிதான்.

"தவளைதான் காரணம்" என்றேன். "அதுதானே கத்துது."

மாமா என் காலை மிதித்தார். மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். தொழில், துப்பறிவது. நான் அவருக்கு உதவியாளர். "இவன் வீட்ல சும்மாதானே இருக்கான், கூட்டிட்டுப் போங்க" என்று அக்கா ஒரு நாள் என்னை அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள். இன்றுவரை இறக்கிவிட யாரும் வரவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்தது பழம் தரம் பிரிக்கிற கொட்டகையின் ஓரத்தில், தகரத் தடுப்பு போட்ட ஆபீஸ் அறை. ஒரு மேஜை, ஒரு தராசு, தேதி கிழிக்காத காலண்டர். சுவரோரமாகப் பூப்போட்ட விரிப்பு போட்ட நீளமான இருக்கை ஒன்று. பார்க்கத்தான் சோபா மாதிரி இருந்தது. உட்கார்ந்தால் உடம்பில் எத்தனை எலும்பு என்று கணக்குச் சொல்லிவிடலாம்.

"தம்பிக்கு விளையாட்டா இருக்கு" என்றார் முதலாளி. "அந்தக் குட்டைல தவளை கத்தி வருஷக்கணக்காச்சு. என் பையன் பள்ளிக்கூடம் போறப்ப கடைசியாக் கேட்டது. இப்போ ராத்திரி முழுக்கக் கச்சேரி. காலைல மரத்துக்கு நடுவுல நடந்தா மூஞ்சில சிலந்தி வலை. பூப்பூக்கறப்ப தேனீ. குருவி வேற கூடு கட்டியிருக்கு."

"கேக்கவே சந்தோஷமா இருக்கே."

"சந்தோஷமா? சீசன் முழுக்க விடாம மருந்து அடிச்சிருக்கேன் தம்பி. அவ்வளவு மருந்துக்கும் ஒரு தவளைகூடச் சாகலைன்னா என்ன அர்த்தம்? என்னை எவனோ ஏமாத்தறான்னு அர்த்தம்."

மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். யோசிக்கிறார் என்று எதிராளிக்குத் தெரியவேண்டும் என்பதற்காகச் செய்வது. "அதாவது, உங்க தோட்டத்துல எல்லாம் உயிரோட இருக்கு. அந்தக் காரியத்தைச் செஞ்ச ஆளைப் பிடிக்கணும்."

"ஆளை நானே பிடிச்சிட்டேன் சார். டேங்க்."

முதுகில் மருந்து டேங்கை மாட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் அடிக்கிற ஆளுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டாராம்.

"மருந்தடிக்கிற நேரத்துல நீ என்னடா பண்ணிட்டிருந்தேன்னு நேத்து நேராவே கேட்டுட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, 'தண்ணி அடிச்சிட்டிருந்தேங்கய்யா'ங்கறான். காலங்காத்தால. எத்தனை வருஷமா வெச்சிருக்கேன், குடிகாரன்னு எனக்குத் தெரியவே இல்ல. மருந்தை வித்துக் குடிச்சிருக்கான். தோட்டத்துலயே ஒரு வீடு குடுத்திருந்தேன். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். நேத்தே போலீஸ்ல குடுத்திருப்பேன். வீட்டம்மாதான், 'போலீஸ் அடிச்சுக் கிடிச்சு வெச்சிடுவாங்க, முதல்ல ஒரு துப்பறியறவரைக் கூப்பிட்டுக் கேளுங்க'ன்னா. மருந்து எங்க போச்சுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க. ஆதாரத்தோட உள்ள தள்றேன்."

அந்த வீட்டம்மாவே அப்போது டீ கொண்டு வந்தார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து, முகத்தில் அதைவிடப் பெரிய சிரிப்பு. "குடிங்க தம்பி. மெதுவா விசாரிங்க. அவசரமே இல்ல. ரெண்டு மூணு நாள் ஆனாலும் பரவால்ல."

எங்களைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் கட்சிக்காரரும் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் "இன்னுமா?" என்றுதான் கேட்பார்கள்.

முதலாளி எழுந்தார். மொத்த வியாபாரி பழம் பார்க்க வந்திருந்தார், அவரைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போகவேண்டும். போகும்போது வாசலில் கண்ட சிலந்தி வலையைச் செருப்பைக் கழற்றி அடித்துவிட்டுப் போனார்.

"மாப்ளே" என்றார் மாமா. "சரக்குலயே கோளாறு இருக்கலாம். நீ மருந்துக்கடைக்குப் போய், இவங்களுக்குக் குடுக்கறது அசல்தானான்னு விசாரிச்சிட்டு வா. நான் தோட்டத்தைப் பாக்கறேன்."

போனேன். கடைத்தெரு முக்கிலேயே கடை இருந்தது. கடைக்காரர் கத்திரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தக் கொய்யாத் தோட்டத்துக்கு நீங்க குடுக்கற மருந்து அசல்தானா?" என்று கேட்டேன்.

கத்திரிக்கோல் நின்றது. "யார் கேக்கறது?"

"துப்பறியற இலாகா. மருந்து வேலையே செய்யலைன்னு புகார்."

"என்ன வேலை செய்யல?"

"தவளை சாகலையாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தவளைக்கு எதுக்குய்யா இருமல் மருந்து குடுத்தாங்க?"

அப்போதுதான் நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். நான் நின்றுகொண்டிருந்தது மனிதர்களுக்கான மருந்துக்கடையில். மரத்துக்கு அடிக்கிறதும் மருந்து, மனுஷன் குடிக்கிறதும் மருந்து என்று ஒரே பெயரை வைத்துவிட்டு மாமா என்னைத் திட்டுவது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நழுவலாம் என்று பார்த்தால் கடைக்காரர் விடுகிற மாதிரி இல்லை. அவருக்கும் ஒரு மனக்குறை இருந்தது.

"அந்தத் தோட்டத்துப் பேச்சை எடுக்காதீங்க. வருஷா வருஷம் அங்க பூச்சி மருந்து அடிக்க ஆரம்பிச்சா எனக்கு வியாபாரம் ஆரம்பிச்சிடும். முதலாளிக்கு இருமல் டானிக். டேங்க்குக்குக் கண்ணுல விடற சொட்டு. பழம் பறிக்கற பொம்பளைங்களுக்குக் கையில தடவற களிம்பு. இந்த சீசனுக்கும் வாங்கி அடுக்கி வெச்சேன். ஒருத்தரும் வரல. வேற கடைக்குப் போறாங்களோன்னு பாத்தா, அதுவும் இல்ல. அவங்களுக்கு ஒண்ணுமே வரலையாம். எல்லாரும் இப்படி நல்லா இருந்தா நான் எப்படிப் பொழைக்கறது?"

திரும்பி வந்தபோது மாமா தோட்டத்தின் கோடி வேலியருகே நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பூச்சி மருந்துக் கடைடா."

"நீங்க மருந்துக்கடைன்னுதான் சொன்னீங்க. வேணும்னா இப்போ போறேன்."

"வேண்டாம். போன்லயே பேசிட்டேன். சீல் வெச்ச கேன்தான் குடுக்கறாங்க. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் அதே சரக்குதான். கொஞ்சம் பேசாம நின்னு கேளு."

நான் பேசாமல் நிற்பது அபூர்வம் என்றாலும் நின்றேன். எங்கள் பக்கத்தில் ஏதோ ஒரு குருவி கத்தியது. தேனீ ஒன்று என் காதருகே வந்து விசாரித்துவிட்டுப் போனது. குட்டைப் பக்கம், பகல் என்றும் பாராமல் ஒரு தவளை தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமும் அதே மரம், அதே மண். ஆனால் ஒரு சத்தமும் இல்லை. மரத்தடியில் புல்கூட மஞ்சளாகக் கிடந்தது. யாரோ கை வைத்து வாயைப் பொத்திவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு எப்போதும் ஒரு கிண்டல் நாக்கு நுனியில் இருக்கும். அந்த வேலியருகே அது வரவில்லை. கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"அதே சரக்கு அங்க வேலை செய்யுது, இங்க செய்யல" என்றார் மாமா. "அப்போ கடைக்காரன் மேல தப்பில்ல. வா, டேங்க்கைப் பாப்போம்."

டேங்க்கின் வீடு தோட்டத்துக்குப் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் தள்ளுவண்டி நின்றது. அதில் பாத்திர மூட்டை, சுருட்டிய படுக்கை, ஸ்டவ். அவர் மனைவி கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துணியையே உதறி மறுபடி மடித்தார். போக இடம் தெரியாதவர்கள் அப்படித்தான் மூட்டை கட்டுவார்கள் போலிருக்கிறது. டேங்க் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள். டேங்க் இல்லாதபோதும் முதுகு அதற்கு இடம்விட்டு வளைந்தே இருந்தது.

"ஒரே கேள்விதான்" என்றார் மாமா. "மருந்தடிக்கிற நாள்ல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அதான் முதலாளிகிட்டயே ஒத்துக்கிட்டேனே சார். தண்ணி அடிச்சிட்டிருந்தேன்."

"எவ்வளவு அடிப்பீங்க?"

"ஒரு டேங்க். அது தீந்தா இன்னொரு டேங்க்."

எனக்குத் தலை சுற்றியது. "அண்ணே, தனியாவா? இல்ல, கூட யாராவது சேந்து அடிப்பாங்களா?"

"தனியாத்தான் தம்பி. ஒவ்வொரு மரமா நின்னு அடிப்பேன்."

"அடிச்சிட்டு வீட்டுக்கு எப்படி வருவீங்க?"

"நடந்துதான்."

மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. அதற்குள் அவர் மனைவி துணியை வண்டியில் வீசிவிட்டு வந்தார். "என்ன தம்பி கேக்கறீங்க? இவரு குடிக்கறாரான்னா? இருமலுக்கு டானிக் குடுத்தாலே தூக்கம் வருதுன்னு மத்தியானம் வரைக்கும் படுத்திருப்பாரு. இவரு குடிகாரரா?"

"அவரேதானே சொல்றார்."

"அவருக்குப் பொய் சொல்ல வராது. குடிக்கவும் வராது."

ரெண்டும் உண்மையாக இருக்கமுடியாதே என்று நான் யோசித்தபோதுதான் சுவரோரம் அதைப் பார்த்தேன். மருந்தடிக்கிற டேங்க் ஆணியில் தொங்கியது. அதன் குழாய் நுனியை ஒரு பூனை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு சப்புக்கொட்டி நக்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ மாமா, பூனை செத்துடும்."

"அது எங்க சாகுது" என்றார் டேங்க்கின் மனைவி. "சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து நக்குது. இவரு அடிக்கப் போனா மரம் மரமாப் பின்னாலயே போகுது. பாருங்க எப்படிக் கொழுத்திருக்குன்னு."

மாமா பூனையைப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். குனிந்து குழாய் நுனியை விரலால் தொட்டு மோந்தார். பிறகு, என் அக்கா பார்த்திருந்தால் அன்றே தாய்வீட்டுக்குக் கிளம்பியிருப்பாள், அந்த விரலை நாக்கில் வைத்தார்.

"பால்" என்றார்.

"என்ன மாமா?"

"தண்ணில கொஞ்சம் பால். வெள்ளையாத் தெரியறதுக்கு. டேய், இவர் தண்ணி அடிச்சேன்னு சொன்னார். நாமளும் குடிச்சார்னு எடுத்துக்கிட்டோம். இவர் தண்ணியத்தாண்டா அடிச்சிருக்கார். மரத்துக்கு."

டேங்க் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "அதைத்தானே சார் நேத்துலேர்ந்து சொல்றேன். மருந்துக்குப் பதிலா தண்ணி அடிச்சேன், முதலாளி கண்டுபிடிச்சிட்டார், போகச் சொல்லிட்டார். நியாயந்தானே?"

"உங்க முதலாளி எதையும் கண்டுபிடிக்கல. நீங்க குடிச்சீங்கன்னுதான் போகச் சொல்லியிருக்கார்."

டேங்க் தலையைச் சொறிந்தார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்ததற்காகச் சட்டி பானையெல்லாம் வண்டி ஏறியிருந்தது.

"யார் சொல்லித் தண்ணி அடிச்சீங்க? மருந்தைக் கலந்து குடுக்கறது யாரு?"

டேங்க் வாயை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பொய் சொல்ல வராதவர்களுக்கு வேறு என்ன வழி.

"பரவாயில்ல" என்றார் மாமா. "மருந்து இருக்கற அறைக்குச் சாவி எந்த இடுப்புல தொங்குதுன்னு நாங்க டீ குடிக்கறப்பவே பாத்துட்டோம்."

நான் பார்க்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

ஆபீஸ் அறையில் வீட்டம்மா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைகளைப் பின்னால் கட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இந்த நிமிஷத்துக்காகத்தான் மனிதர் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

"அம்மா, உங்க தோட்டத்துல மருந்தைத் தண்ணியாக்கினது..."

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார் அவர். குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். துணியை மேஜைமேல் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க. உங்களை எவ்வளவு நம்பினேன்."

"நம்பினீங்களா?"

"போன வாரம் தையல் கடைல உங்க வீட்டம்மாவைப் பாத்தேன். பேச்சுவாக்குல, 'எங்க வீட்டுக்காரரும் துப்பறியறவர்தான், ஆனா எதையும் கண்டுபிடிக்க மாட்டாருக்கா. நெத்தில ஏத்தி வெச்ச கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவாரு'ன்னாங்க. இவரு நேத்து போலீசுன்னு குதிச்சதும் எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அப்படி ஒரு ஆள்தானே எனக்கு வேணும்."

மாமாவின் கை தானாக நெற்றிக்குப் போய்க் கண்ணாடியை இறக்கியது. நான் காலண்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். சிரித்தால் சாப்பாடு அக்கா வீட்டில்தான் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் தள்ளினா போதும்னு நெனைச்சேன்" என்றார் வீட்டம்மா. "வியாபாரி பழத்தைப் பாத்து எடுத்துக்கிட்டாருன்னா, அதைக் காட்டி நானே இவர்கிட்ட சொல்லியிருப்பேன். டேங்க்கை வண்டி ஏற விட்டிருக்க மாட்டேன் தம்பி. அவன் குடிச்சான்னு இவர் சொன்னதும், எனக்காகத்தான் அந்தப் பழியை ஏத்துக்கிட்டான்னு அழுதேன்."

"அவர் பழியெல்லாம் ஏத்துக்கல. உள்ளதைச் சொல்லியிருக்கார். ஐயாவுக்குத்தான் வேற மாதிரி காதுல விழுந்திருக்கு."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சரி, தண்ணி அடிச்சீங்க" என்றேன். "அப்போ அசல் மருந்தெல்லாம் எங்க?"

"எங்க கொட்டறது சொல்லுங்க. கிணத்துல ஊத்த முடியுமா? குட்டைல ஊத்தினா தவளை சாகும். மண்ணுல ஊத்தினா புழு சாகும், அதைத் தின்ன குருவி சாகும். எங்க ஊத்தினாலும் ஏதாவது ஒண்ணு சாகும். யோசிச்சு யோசிச்சுப் பாத்து, சீல் உடைக்காம அப்படியே அடுக்கி வெச்சிட்டேன். காலைல நீங்க உக்காந்திருந்தது அதுமேலதான்."

மாமா பூப்போட்ட விரிப்பைத் தூக்கினார். வரிசையாகக் கேன்கள். ஒவ்வொன்றிலும் மண்டை ஓடு என்னைப் பார்த்துச் சிரித்தது. வழக்கின் மொத்த ஆதாரத்தின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் நாங்கள் ஆதாரம் தேடப் போயிருக்கிறோம்.

"ஏன்மா இப்படி?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் முதலாளி. வியாபாரியோடு சுற்றிவிட்டு வந்த முகத்தில் குழப்பம். "காய் போன தடவையைவிடக் கூடுதலாப் பிடிச்சிருக்குங்கறான். பத்துக்கு ஒண்ணுல புழு இருக்குங்கறான். ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்றான். ஆனா எடுத்துக்கறானாம். சரி, என்ன சார், அந்தக் குடிகாரன் மருந்தை எங்க வித்தான்?"

மாமா வாயைத் திறந்தார். வீட்டம்மா முந்திக்கொண்டார்.

"அவன் குடிக்கல. நான்தான் மருந்துக்குப் பதிலா தண்ணி குடுத்து அடிக்கச் சொன்னேன். வெள்ளையாத் தெரியட்டும்னு பால் ஊத்தினேன். கிளியை விரட்டன்னு சொல்லி மரத்துல பாட்டில் கட்டினேனே, அது கிளிக்கு இல்ல. பழ ஈக்குப் பொறி."

முதலாளி கேன்களைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு கொட்டகை அதிரக் கத்தினார். ஊர் சிரிக்கும் என்றார். தோட்டம் அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். வீட்டுக்குள்ளேயே துரோகம் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயமாகவும் இருந்தது. ஒரு வருஷ விளைச்சலை அவருக்குத் தெரியாமல் பணயம் வைத்திருக்கிறார்கள்.

"அழிஞ்சிருக்கலாம்" என்றார் வீட்டம்மா. "அந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு. ஆனா வருஷா வருஷம் ஒரு மருந்து கூடிக்கிட்டே போச்சே, பூச்சி குறைஞ்சுதா? பூச்சி பழகிடுச்சுங்க. பழகாதது நீங்கதான். மூக்குல வாசனையே தெரியாமப் போச்சு. அப்புறம் நெஞ்சு. மருந்தடிச்ச அன்னிக்கெல்லாம் ராத்திரி நீங்க இருமுவீங்க. விட்டுவிட்டு மூச்சு வரும். அடுத்த மூச்சு வருதான்னு நான் பக்கத்துல முழிச்சுக்கிட்டே கிடப்பேன். சொன்னா கேட்டீங்களா?"

"அதுக்காக..." என்று ஆரம்பித்த முதலாளிக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

"இப்போ இருமுவார் பாருங்க" என்றார் வீட்டம்மா எங்களிடம். "பதில் இல்லேன்னா இருமுவார். நான் தண்ணி எடுக்க ஓடுவேன். வர்றதுக்குள்ள பேச்சு முடிஞ்சிடும். எங்க வீட்ல எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடியும்."

முதலாளி நெஞ்சில் கை வைத்தார். வாயைத் திறந்தார். நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். தொண்டையைச் செருமுகிற சத்தம் ஒன்று சின்னதாக வந்தது, அவ்வளவுதான். கையை நெஞ்சிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

"எப்போ நின்னுச்சு?" என்று கேட்டார். அவ்வளவு சத்தம் போட்ட மனிதரின் குரலா அது என்று இருந்தது.

"உங்களுக்குத் தெரியலையா? நான் ராத்திரில தூங்க ஆரம்பிச்சேனே, அப்பதான்."

முதலாளி வெளியே நடந்தார். எங்கே போகிறார் என்று தெரியாமல் நாங்களும் பின்னால் ஓடினோம். நேராகப் பின்பக்கம் போனார். தள்ளுவண்டி தோட்டத்துப் பின்கதவு வரைக்கும் வந்துவிட்டிருந்தது. டேங்க் இழுக்க, அவர் மனைவி தள்ள, பூனை மேலே படுக்கையில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது.

முதலாளி வண்டிக்குக் குறுக்கே போய் நின்றார். பூனையை இறக்கிவிட்டார். படுக்கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு கையில் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு அந்த ஒற்றை அறை வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். டேங்க் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்.

"ஐயா, குடுங்கய்யா, நான் எடுத்துட்டு வர்றேன்." முதலாளி கொடுக்கவில்லை. டேங்க் பக்கத்திலேயே நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ நாளைக்கு நான் என்னங்கய்யா அடிக்கணும்?"

முதலாளி நின்றார். தோளில் படுக்கையோடு திரும்பி, எங்களுக்கெல்லாம் பின்னால் சாவிக்கொத்தைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்த வீட்டம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன்டா கேக்கறே" என்றார். "அம்மாவைக் கேளு."